டைத் – பதின்கூறு

ஆப்பிரிக்க-அமெரிக்கக் குடும்பங்களின் கொடையைப் பற்றிப் படிப்பவர் ‘டைத்’ என்ற சொல்லைத் தவிர்க்க முடியாது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுப்பது என்று பொருள். ‘பத்தாவது’ என்னும் பழைய ஆங்கில எண்ணுச்சொல் தேய்ந்து இப்படி ஆயிற்று. தமிழ்க் கிறிஸ்தவர்கள் ‘தசமபாகம்’ என்பார்கள். தசமம், பாகம் இரண்டுமே வடசொல். கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் ‘பத்திலொரு பங்கு’. ஒரே சொல்லாக வேண்டுமென்றால் ‘பதின்கூறு’ பொருந்தும். ‘காணிக்கை’ என்று எழுதுவது தவறு. காணிக்கைக்கு அளவு கிடையாது, பதின்கூறுக்கு உண்டு.

இங்கிலாந்தில் இது விளைச்சல்மீது சட்டப்படி தண்டிய வரி. கருப்பினச் சபைகளில் யாரும் தண்டவில்லை. தங்களைத் தாங்களே தாங்கிக்கொள்ள மனமுவந்து கொடுத்தார்கள். கருப்பினப் போதகர்களான ரிச்சர்ட் ஆலனும் அப்சலோம் ஜோன்சும் 1787-இல் பிலடெல்பியாவில் தொடங்கிய சுதந்திர ஆப்பிரிக்கச் சங்கம் என்னும் உதவிச் சங்கத்தில் மாதச் சந்தா 1 ஷில்லிங். ஓராண்டு கட்டியபின், நலிந்த உறுப்பினருக்கு வாரம் 3 ஷில்லிங் 9 பென்ஸ் கிடைத்தது. கொடுக்கும் பழக்கத்தின் ஒரு வேர் இங்கே இருக்கிறது.

கணக்கிடும்போது வரும் முதல் குழப்பம், பிடித்தத்துக்கு முன்பா பின்பா என்பது. மாதச் சம்பளம் 4,000 டாலர், கைக்கு வருவது 3,200 என்றால் பதின்கூறு 400 அல்லது 320. சபைக்குச் சபை வழக்கம் மாறும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பதின்கூறு வருமானத்தைப் பார்க்கிறது, சொத்தைப் பார்ப்பதில்லை. அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பில் வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் சொத்து) 2,85,000 டாலர், கருப்பினக் குடும்பத்துக்கு 44,900. ஒரே சம்பளம், ஒரே பத்து சதவீதம் என்றாலும் பின்னவருக்கு வேலை போனால் தாங்கக் கையிருப்பு மிகக் குறைவு. கொடுத்த தொகையை மட்டும் ஒப்பிடுபவர்கள் இந்தச் சுமையைக் காணத் தவறுகிறார்கள். தங்கை மகனின் வாடகைக்கு நேராகக் கொடுத்த பணமும் வரிக்கணக்கில் கொடையாக ஏறாது.

வரிச்சலுகையும் எல்லார்க்கும் எட்டவில்லை. 2024-இல் தனியாளுக்கான நிலையான கழிவு, அதாவது செலவுக் கணக்குக் காட்டாமலே வருமானத்தில் கழித்துக்கொள்ளும் தொகை, 14,600 டாலர். தனித்தனியாகக் காட்டும் கழிவுகள் இதைத் தாண்டினால்தான் கொடைக்குச் சலுகை கிடைத்தது. ஆண்டுக்கு 4,800 பதின்கூறு மட்டும் கொடுத்தவர் அதைத் தாண்டவில்லை. வீட்டுக்கடன் வட்டியும் சேர்ந்தால்தான் பெரும்பாலும் தாண்ட முடிந்தது. சொந்த வீடோ கருப்பினத்தவரிடையே குறைவு. தாண்டுபவரும் ஒரே தடவையில் 250 டாலரோ மேலோ கொடுத்தால் சபையின் எழுத்துச் சான்றை வாங்கி வைக்க வேண்டும். உறையில் பெயர் எழுதாமல் ரொக்கமாகப் போட்டால் யார் கொடுத்தது என்று பதிவாகாது, சான்றும் கிடைக்காது.