கலைந்த படம் பூட்டிய படம் அல்ல

படத்தின் புள்ளிகளைக் கலைத்துவிட்டு, பூட்டிவிட்டோம் என்று நம்பும் கேஸ் போன வாரமும் ஒன்று வந்தது. இந்த வருடத்தில் இது நான்காவது. தோல் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளின் வண்ணப் படங்களை என்கிரிப்ட் செய்து (சாவி இல்லாமல் பார்க்க முடியாதபடி பூட்டி) வைத்திருக்கிறார்கள், சோதித்துச் சொல்லுங்கள் என்றார்கள். திறந்தால் 512-க்கு 512 அளவில் புள்ளிகள் இரைந்து கிடந்தன. மென்பொருள் செய்தவரைக் கேட்டேன். "ஆர்னால்டு பூனை உருமாற்றம் சார். எத்தனை சுற்று ஓட்டினோம் என்பதுதான் சாவி, அதைச் சொல்ல மாட்டோம்" என்றார்.

சொல்ல வேண்டியதில்லை. அதே உருமாற்றத்தை ஒவ்வொரு சுற்றாகத் தொடர்ந்து ஓட்டவிட்டேன். 271-ஆவது சுற்றில் ஒரு பெண்ணின் கன்னமும் அதிலிருந்த தழும்பும் பளிச்சென்று வந்து நின்றன. மருத்துவர் மட்டும் பார்ப்பார் என்று நம்பி எடுக்க விட்ட படம் அது.

இந்த உருமாற்றம் (x, y) புள்ளியை (x+y, x+2y)-க்கு நகர்த்தி, பக்க அளவால் வகுத்து மீதியை எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான். 512 பக்கமுள்ள படம் 384 சுற்றில் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும்; 256 என்றால் 192 சுற்று. பக்கம் எவ்வளவு இருந்தாலும், திரும்பி வர ஆகும் சுற்று அதன் மூன்று மடங்கைத் தாண்டாது என்று 1992-லேயே டைசன், ஃபால்க் என்ற ஆய்வாளர்கள் நிறுவிவிட்டார்கள். ஏ.டி.எம். பின் எண்ணுக்குக்கூட 10,000 வாய்ப்புகள் உண்டு. இங்கே 384.

என்னை மிகவும் வதைப்பது, "கண்ணுக்குப் புரியவில்லை, அதனால் பூட்டியாச்சு" என்ற நம்பிக்கை. கண்ணுக்குப் புரியாதது கணினிக்குப் புரியும். பிக்சலை இடம் மாற்றினால் நிறம் மாறாது. எத்தனை பிக்சல் தோல் நிறம், எத்தனை ரத்தச் சிவப்பு என்ற கணக்கு அப்படியே இருக்கும். 2007-ல் இன்டர்போல் தேடிய ஒருவன் தன் படங்களில் முகத்தைச் சுழல்போல் முறுக்கி மறைத்திருந்தான். ஜெர்மன் போலீஸ் நிபுணர்கள் அந்தச் சுழலைத் திருப்பி முகத்தை எடுத்துவிட்டார்கள். அவன் பிடிபட்டது நல்லது. ஆனால் அதே வேலையை உங்கள் நோயாளியின் படத்திலும் யாராலும் செய்ய முடியும்.

"அப்போ ஃபூரியர் உருமாற்றம்?" என்பார்கள். படத்தை அலைகளின் கூட்டாக மாற்றி எழுதும் கணக்கு அது. அதில் சாவியே கிடையாது, திருப்பினால் படம் வந்துவிடும். 1995-ல் வந்த இரட்டைச் சமவாய்ப்புக் கட்ட முறை (ஒளி அலையின் கட்டத்தை இரண்டு இடத்தில் தாறுமாறாகக் குலைப்பது) ஒளியியல் ஆய்வகத்தில் அழகான வேலை, ஆனால் அது நேரியல்: இரண்டு படங்களைக் கூட்டிச் செலுத்தினால் விடைகளும் அப்படியே கூடி வரும். தாக்குபவர் தன் விருப்பப்படி சில படங்களை அதற்குள் செலுத்திப் பார்க்க முடிந்தால் சாவி வெளியே வந்துவிடும்.

ஆய்வேடுகளில் வரும் அட்டவணையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என்.பி.சி.ஆர். (மூலப் படத்தில் ஒரு பிக்சலை மாற்றினால் பூட்டிய படத்தில் எத்தனை சதவீதம் பிக்சல் மாறுகிறது) 99.6, யு.ஏ.சி.ஐ. (அந்த மாற்றத்தின் சராசரி அளவு, சதவீதத்தில்) 33.4, என்ட்ரோபி (பிக்சல் மதிப்புகள் எவ்வளவு சீராகப் பரவியிருக்கின்றன) 7.99, ஆகவே பாதுகாப்பானது என்று முடித்துவிடுகிறார்கள். சாவியைச் சுவரில் எழுதி ஒட்டினாலும் அந்த எண்கள் மாறாது. வழிகாட்டிப் பேராசிரியர்களே, தயவுசெய்து "ஆகவே பாதுகாப்பானது" என்ற அந்த ஒரு வரியை வெட்டுங்கள்.

சரி, என்ன செய்வது? படத்தை ஜேபெக்காகச் சுருக்குங்கள், அப்புறம் அந்தக் கோப்பை ஏ.இ.எஸ். என்ற பூட்டும் முறை கொண்டு, அதை ஜி.சி.எம். என்ற விதத்தில் ஓட்டி (யாராவது கோப்பை மாற்றினாலும் காட்டிக்கொடுக்கும்) பூட்டுங்கள். 2001 முதல் தரநிலையாக இருந்து, உலகமே உடைத்துப் பார்க்க முயன்று தோற்ற முறை ஏ.இ.எஸ். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக ஒரே மாதிரி பூட்டும் இ.சி.பி. விதம் வேண்டவே வேண்டாம்: சுருக்காத படத்தில் ஒரே நிறப் பகுதிகள் ஒரே மாதிரி வெளிவந்து, உருவத்தின் விளிம்பு தெரியும். இ.சி.பி.-யில் பூட்டியும் உருவம் தெரிந்த லினக்ஸ் பென்குயின் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கோப்புக்கும் புது நான்ஸ் (ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் எண்) வேண்டும். சாவி படங்கள் இருக்கும் சர்வரிலேயே இருக்கக் கூடாது. முன்னோட்டத்துக்கான சிறுபடங்களைத் திறந்து போட்டுவிட்டுப் பெரிய படத்தை மட்டும் பூட்டுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், அதையும் பூட்டுங்கள்.

அந்த மருத்துவமனை இப்போது மாறிவிட்டது. ஆனால் பழைய பேக்கப் டிஸ்குகளில் கலைத்த படங்கள் இன்னும் கிடக்கின்றன. உங்களிடமும் இருக்கும். இன்றைக்கே எடுத்து, புது முறையில் பூட்டிவிட்டு, பழையதை அழித்துவிடுங்கள்.