ஊட்டிக் குளிரும் எரியும் கன்னங்களும்

நீலகிரியில் உறைபனி விழும் மாதங்களில் என்னிடம் வருகிறவர்களில் சிலர், "டாக்டர், மூஞ்சி திகுதிகுன்னு எரியுது, ஆனா கண்ணாடியில பார்த்தா ஒண்ணுமே தெரியல" என்பார்கள். சென்ற ஜனவரியில் வந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளியான ஒரு பெண்மணியும் அதையேதான் சொன்னார். புறங்கையால் தொட்டபோது கன்னம் சுட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, சிறு கண்ணாடித் தகட்டைக் கன்னத்தின்மேல் அழுத்தினேன். அந்த இடம் வெளிறி, தகட்டை எடுத்ததும் செம்பு நிறம் மீண்டும் ஊறி வந்தது. அவருக்கு இருந்தது ரோசேசியா: முகத்து நுண் இரத்தக் குழாய்கள் விரிந்து, கன்னம் சிவந்து எரியும் நாட்பட்ட தோல் நோய்.

இது வெள்ளைத் தோலுக்கு மட்டும் வரும் நோய் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நம் மாநிறத்தில் சிவப்பு மங்கலாகவோ பழுப்பாகவோ தெரிவதாலும், உடன் வரும் கொப்புளங்கள் பருவைப் போல இருப்பதாலும், பலருக்கும் முதலில் பருவுக்கான காரமான பூச்சுகளே கிடைக்கின்றன. பருவில் காணும் கருமுள் (பிளாக்ஹெட்) ரோசேசியாவில் இருக்காது; நான் முதலில் தேடுவது அதைத்தான்.

ரோசேசியா உள்ளவர்களின் முகத்து நரம்புகளும் நுண் இரத்தக் குழாய்களும் வெப்பமாற்றத்துக்கு அளவுக்கு மீறி எதிர்வினை காட்டுகின்றன. குளிர்ந்த வறண்ட காற்று தோலின் மேலடுக்கிலுள்ள ஈரத்தை உறிஞ்சி அதன் காப்பைக் குலைக்கிறது என்பது உண்மையே. ஆனாலும் என் அனுபவத்தில் குளிரைக் காட்டிலும், குளிருக்காக நாம் தேடிக்கொள்ளும் கதகதப்புதான் அதிகம் படுத்துகிறது. பனியில் கொழுந்து பறித்துவிட்டு வந்து நேரே விறகடுப்பின் முன் உட்கார்ந்தால், சுருங்கியிருந்த குழாய்கள் சட்டென்று விரிந்து முகம் ஜிவ்வென்று சூடேறும். சளி பிடித்தால் கொதிநீரில் நீலகிரித் தைலம் விட்டுப் போர்வைக்குள் ஆவி பிடிப்பது எங்கள் ஊர் வழக்கம். வெப்பம், தைலத்தின் காரம் என்று இரண்டு தூண்டுதல்களை ஒரே நேரத்தில் முகத்தில் இறக்கும் இந்தப் பழக்கத்தை ரோசேசியா உள்ளவர்கள் கைவிட வேண்டும். கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் தேநீரும் அப்படியே. தேயிலை விளையும் ஊரில் தேநீரை நிறுத்தச் சொல்லும் துணிவு எனக்கில்லை. ஆற்றிக் குடிக்கச் சொல்கிறேன்.

முகம் கழுவ வெதுவெதுப்பான நீரும் வாசனையில்லாத மென்மையான கிளென்சரும் போதும். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முழுதும் காய்வதற்குள் கிளிசரின் அல்லது செராமைடு கலந்த மாய்ஸ்சரைசரைப் பூச வேண்டும். எலுமிச்சைச் சாறு, ஸ்க்ரப், கற்பூரம் சேர்ந்த களிம்பு எதுவும் வேண்டாம். கம்பளி மஃப்ளர் கன்னத்தில் உரசாதபடி உள்ளே மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றிக்கொள்ளலாம்.

குளிர்காலத்தில் சன்ஸ்க்ரீன் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர்வீச்சு சுமார் 10 சதவீதம் கூடுகிறது. ஆகவே துத்தநாக ஆக்சைடு உள்ள, எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத பூச்சைப் பனிக்காலத்திலும் விடக்கூடாது.

அந்தப் பெண்மணி முந்தானை முடிச்சிலிருந்து, கடைசிவரை பிதுக்கிச் சுருட்டிய ஒரு டியூபை எடுத்துக் காட்டினார். பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு களிம்பு. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி மாதக்கணக்கில் பூசியிருக்கிறார். இத்தகைய களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்பதற்கு 2018-இல் கட்டுப்பாடு வந்தும் அவை கைக்குக் கை மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. பூசிய சில நாள் முகம் தெளிந்ததுபோல் இருக்கும். பிறகு தோல் மெலிந்து, நரம்போட்டம் போல் குழாய்கள் தெரிந்து, நிறுத்தினால் முன்னைவிட எரியும். அந்த எரிச்சலுக்குப் பயந்து மறுபடி பூசுவார்கள். மருத்துவரின் கண்காணிப்பில் இதை நிறுத்தி, மெட்ரோனிடசோல், அசெலாயிக் அமிலம், ஐவர்மெக்டின் ஆகிய பூச்சு மருந்துகளுள் பொருத்தமான ஒன்றைத் தொடங்கினால் பலன் தெரியச் சில வாரங்களாவது ஆகும். தேவைப்பட்டால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் தருவோம், கர்ப்பிணிகளுக்குத் தருவதில்லை.

எழுந்து கதவுவரை போனவர் திரும்பி, கண்ணில் மண் விழுந்தாற்போல் இரண்டு மாதமாக உறுத்துவதையும், கண்கட்டி மாறி மாறி வருவதையும் சொன்னார். அது வேறு உபாதை என்று நினைத்திருக்கிறார். ரோசேசியா இமைகளையும் பாதிக்கும், கவனியாவிட்டால் கருவிழிவரை போகும் என்பதை விளக்கி, அன்றே பார்க்கும்படி கண் மருத்துவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.