கேட்டுக்குள் வீடு வாங்கும் முன் அந்த விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீடு கைமாறும்போது பத்திர வேலையைப் பார்க்கும் வழக்கறிஞர் நான். இந்தியர் குடியிருப்புகளான சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் பிறந்து வளர்ந்த நம்மவர்கள் இப்போது கேட் போட்ட காம்ப்ளெக்ஸ்களுக்கும் எஸ்டேட்டுகளுக்கும் குடிபோவது அதிகமாகிவிட்டது. என் முன்னால் உட்காருகிறவர்கள் வங்கி வட்டி எவ்வளவு, டிரான்ஸ்பர் டியூட்டி என்ற கைமாற்று வரி எவ்வளவு, சாவி எப்போது கிடைக்கும் என்று எல்லாம் விசாரிப்பார்கள். அங்கே குடியிருக்கும் காலமெல்லாம் தங்களைக் கட்டுப்படுத்தப் போகும் விதிகள் எங்கே என்று மட்டும் கேட்பது அபூர்வம். கையெழுத்துப் போட்டு, சாமான் இறக்கி, முதல் அபராதக் கடிதம் வந்த பிறகுதான் கேட்கிறார்கள். அதற்குள் காலம் தாழ்ந்துவிடுகிறது.

அந்த விதிகள் ஏதோ அறிவிப்புப் பலகையில் ஒட்டிய வேண்டுகோள் இல்லை, நீங்கள் ஒப்புக்கொண்ட ஒப்பந்தம். இதைச் சந்தேகமில்லாமல் சொன்ன வழக்கு நம் ஊரிலிருந்தே போனது. மவுண்ட் எட்ஜ்கோம்ப் பக்கம் ஒரு காலத்தில் நம் பாட்டன் பாட்டிமார் கரும்பு வெட்டிய நிலம். இன்று அங்கே கோல்ஃப் எஸ்டேட்டுகள் இருக்கின்றன. அப்படி ஒரு எஸ்டேட்டுக்குள் 40 கிலோமீட்டர் வேக வரம்பை மீறியதாகச் சொல்லி, ஒரு வீட்டுக்காரரின் மகள் ஓட்டிய காருக்கு அங்குள்ள வீட்டு உரிமையாளர் சங்கம் அபராதம் போட்டது. உள்ளே இருப்பதும் பொதுச் சாலைதான், வேகத்தைக் கண்காணிக்கச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை என்று அந்த வீட்டுக்காரர் வழக்குப் போட்டார். 2017இல் குவாசுலு-நேட்டால் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2019 மார்ச்சில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. அவை தனியார் சாலைகள், விதிகளை ஏற்றுத்தான் அங்கே வீடு வாங்கினீர்கள், ஆகவே அவை உங்களைக் கட்டும் என்றது. 'எங்களுக்குத் தெரியாதே' என்று பிறகு சொல்லிப் பயனில்லை.

இதில் இரண்டு வகை இருக்கிறது. பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று செக்ஷனல் டைட்டில், அதாவது ஃப்ளாட்டும் ஒட்டிக் கட்டிய டவுன்ஹவுசும். இதில் உங்களுக்குச் சொந்தமானது சுவரின் நடுக்கோடு வரைதான். வெளிச்சுவர், கூரை, முன்னால் இருக்கும் புல்தரை எல்லாம் எல்லோருக்கும் பொது. அதனால்தான் கூரையில் சோலார் பலகை வைக்கவும், சுவரில் டிஷ் மாட்டவும், உரிமையாளர்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகிகளான டிரஸ்டிகளின் அனுமதி வேண்டும். எல்லா உரிமையாளர்களும் சேர்ந்த அமைப்புக்குப் பாடி கார்ப்பரேட் என்று பெயர். அதை நடத்துவது 2011ஆம் ஆண்டின் 8ஆம் எண் சட்டம். அது 2016 அக்டோபர் 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. இன்னொன்று வீட்டு உரிமையாளர் சங்கம். அதில் மனையும் வீடும் முழுக்க உங்கள் பெயரில் இருக்கும். சாலை, பூங்கா, கேட் ஆகியவை சங்கத்தின் பொறுப்பு. ஆனால் சுவருக்கு என்ன நிறம், ஓடு என்ன மாதிரி, வாங்கிய மனையில் எத்தனை மாதத்துக்குள் கட்டி முடிக்க வேண்டும் என்பதையெல்லாம் அங்கேயும் சங்கம்தான் சொல்லும். கெடுவுக்குள் கட்டாவிட்டால், மாதந்தோறும் செலுத்தும் பொதுச் செலவுக் கட்டணமான லெவியை இரட்டிப்பாக்கும் சங்கங்களும் உண்டு. வயதுகாலத்துக்கு என்று மனையை வாங்கிச் சும்மா போட்டு வைக்க நினைக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நல்லது எதுவும் இல்லை என்று நான் சொல்லவில்லை. 2021 ஜூலைக் கலவரத்தில் இரவெல்லாம் தெருமுனையில் கண்விழித்து நின்றவர்கள், வயதான பெற்றோரைக் கேட்டுக்குள் கொண்டுபோக நினைப்பதில் என்ன தவறு? மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டர், குழாயில் தண்ணீர் நின்றால் தொட்டித் தண்ணீர், பிள்ளைகள் சைக்கிள் ஓட்ட ஒரு பாதுகாப்பான இடம், இவையெல்லாம் பெரிய நிம்மதி. சாட்ஸ்வொர்த்தின் ஒட்டு வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் எல்லைக் கோடு வரை கட்டடத்தை இழுத்துவிட்டு, பின்வாசலில் கார் பட்டறையும் போட்டுவிட்டால் முனிசிபாலிட்டிக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கும். காம்ப்ளெக்ஸில் அதற்கு விதி இருக்கிறது, கேட்க ஆளும் இருக்கிறது.

பாதுகாப்பைப் பற்றி வீட்டைக் காட்டுகிறவர்களே சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லாமல் விடும் பகுதிதான் எனக்குக் கவலை தருகிறது. நம் வீட்டு வாழ்க்கை வாசலைத் தாண்டி நடக்கிற வாழ்க்கை. விசேஷம் என்றால் வாசலில் வாழை கட்டுகிறோம், பந்தல் போடுகிறோம். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்ச வெளியே அடுப்பு மூட்டிப் பெரிய அண்டா வைக்கிறோம். காவடி என்றால் விடியற்காலையில் வீட்டிலிருந்து மேளத்தோடு கிளம்புகிறோம். தீபாவளிக்குப் பட்டாசு. இதில் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு விதியைத் தொடும். பொது இடத்தில் நெருப்பு, சத்தம், விருந்தினர் எண்ணிக்கை, வெளித்தோற்றம் என்று. முனிசிபாலிட்டி அனுமதிக்கும் பட்டாசைக்கூட எஸ்டேட் முழுவதுமாகத் தடை செய்யலாம்.

எல்லாவற்றையும் விடக் கடினமானது சாவு வீடு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் ஆயா இறந்துபோனார். உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து, உறவும் ஊரும் முகம் பார்த்த பிறகு எடுப்பதுதான் அவர்கள் வழக்கம். அந்தக் காம்ப்ளெக்ஸிலோ ஒவ்வொரு காருக்கும் வீட்டுக்காரர் தன் போனிலிருந்து தனித்தனியாக ஒரு எண் அனுப்ப வேண்டும். விருந்தினர் கார் நிறுத்த ஆறே இடம். எள்ளும் தண்ணீருமாகச் சடங்கில் உட்கார்ந்திருந்த மகனின் போன் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே ரோட்டோரமாகக் கார்கள் வரிசையாக நிற்க, வெள்ளைப் புடவையில் வந்த வயதான பெண்கள் ஏற்றத்தில் நடந்து வந்தார்கள். பந்தல் போட அனுமதி வாங்கவில்லை என்று மறுநாள் ஒரு கடிதமும் வந்தது. காவலரைக் குறை சொல்ல முடியாது. அவர் கையில் கொடுத்திருந்த உத்தரவைத்தான் அவர் செய்தார்.

அந்தக் குடும்பம் செய்ததை எல்லோரும் செய்யலாம். துக்கம் ஆறிய பிறகு டிரஸ்டிகளுக்கு எழுதினார்கள். அடுத்த கூட்டத்தில் பேசினார்கள். இறப்பு நடந்த வீட்டுக்கு அன்றும் கருமாதி அன்றும் பெயர்ப் பட்டியலைக் கொண்டே விருந்தினரை விடுவது, கார் நிறுத்துமிடத்தில் ஒரு நாள் பந்தல் போட முன்கூட்டிச் சொன்னால் போதும் என்று ஒரு ஏற்பாடு எழுத்தில் வந்தது. அங்கே குடியிருந்த ஜூலு குடும்பங்கள்தான் அதை முதலில் ஆதரித்தன. அவர்கள் வீட்டுச் சாவுக்கும் ஊர் திரண்டு வரும் அல்லவா?

விதிக்கும் எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். செக்ஷனல் டைட்டில் விதிகள் நியாயமானவையாக இருக்க வேண்டும், எல்லா உரிமையாளர்களுக்கும் ஒரே மாதிரி பொருந்த வேண்டும் என்று அந்த 2011ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. நடத்தை விதியை மாற்ற வாக்கு எண்ணிக்கையிலும் அவரவர் வீட்டின் பங்கு மதிப்பிலும் 75 சதவீத ஆதரவு வேண்டும். நாய் வளர்க்க அனுமதி கேட்டால் காரணமில்லாமல் மறுக்கக்கூடாது. 1999இலேயே டர்பன் நீதிமன்றம், 'இங்கே நாய்க்கு அனுமதியில்லை என்பது எங்கள் கொள்கை' என்று சொல்லி மறுத்த டிரஸ்டிகளிடம், ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அதனதன் நிலைமையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றது. அபராதம் போடுவதற்கும் பதிவான ஒரு விதி இருக்க வேண்டும். சட்டத்தோடு வரும் மாதிரி விதிகளில் அபராதம் என்ற பேச்சே கிடையாது. உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தராமல் லெவிக் கணக்கில் அபராதத்தைச் சேர்த்துவிட்டால், அதை எதிர்க்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

சமயம் சார்ந்த விஷயத்தில் 2007இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தந்த மூக்குத்தித் தீர்ப்பு நினைவிருக்கும். டர்பனில் ஒரு தமிழ் மாணவியை மூக்குத்தி போடவிடாமல் பள்ளி தடுத்தது, சமத்துவச் சட்டப்படி நியாயமற்ற பாகுபாடு என்று நீதிமன்றம் சொன்னது. அது பள்ளி பற்றிய தீர்ப்பு, ஒரு காம்ப்ளெக்ஸுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் 2000ஆம் ஆண்டின் அந்தச் சமத்துவச் சட்டம் தனியாரையும் கட்டுப்படுத்தும். மாலையில் வாசலில் ஒரு விளக்கு ஏற்றுவதை யாராவது தடுத்தால், இதை எடுத்துச் சொல்லி மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

அப்புறம் பணம். லெவி என்பது மாத வாடகை மாதிரி மாறாமல் இருக்கும் தொகை இல்லை, ஆண்டுதோறும் ஏறும். அதுகூடப் பரவாயில்லை. திடீரென்று வரும் சிறப்பு லெவிதான் குடும்பங்களைத் திணறடிக்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எத்தனையோ இடங்களில் சரிவைத் தாங்கும் சுவர்கள் இடிந்தன. அப்படித் தள்ளிப்போட முடியாத அவசியச் செலவு வந்தால், உரிமையாளர்களின் வாக்கெடுப்பு இல்லாமல் டிரஸ்டிகளின் எழுத்துத் தீர்மானத்தாலேயே செக்ஷனல் டைட்டிலில் சிறப்பு லெவி போடலாம். ஆகவே வாங்கும் முன் கேட்க வேண்டியது, பெரிய பராமரிப்பு வேலைகளுக்கென்று சேர்த்து வைக்கும் ரிசர்வ் நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று. பத்தாண்டுப் பராமரிப்புத் திட்டம் ஒன்று எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். ரிசர்வ் நிதி, முந்தைய ஆண்டு வசூலித்த லெவியில் கால்பங்குக்கும் குறைவாக இருந்தால், இந்த ஆண்டு லெவியில் குறைந்தது 15 சதவீதத்துக்குச் சமமான தொகையை அதற்கென்று ஒதுக்கியாக வேண்டும். லெவி மலிவு என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு உடனே இந்தக் கணக்கைப் பார்க்கத்தான் தோன்றும். கூரை ஒழுக ஆரம்பித்த பிறகு அந்த மலிவெல்லாம் மொத்தமாக வசூலாகும்.

கோபத்தில் லெவியை நிறுத்துகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது. ஒரு அங்கிள், தோட்ட வேலை சரியில்லை என்று மாதக்கணக்கில் கட்டாமல் இருந்தார். அவர் சொன்ன குறை நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் பாக்கி, வட்டி, வழக்கறிஞர் கட்டணம் எல்லாம் சேர்ந்து, வீட்டை விற்கப் போனபோது அந்தத் தொகையைக் கட்டாமல் கைமாற்ற முடியவில்லை. லெவி பாக்கி தீர்ந்தது என்ற சான்று இல்லாமல் பதிவு நடக்காது. மறுபுறம், பாக்கிக்காக உங்கள் தண்ணீரையோ மின்சாரத்தையோ நீதிமன்ற உத்தரவு இல்லாமல் துண்டிக்க அவர்களுக்கும் அதிகாரம் கிடையாது. லெவியைக் கட்டிக்கொண்டே சண்டை போடுங்கள்.

சண்டை போட ஓர் இடமும் இருக்கிறது. சி.எஸ்.ஓ.எஸ். என்ற குறைதீர் அமைப்பு, பாடி கார்ப்பரேட், வீட்டு உரிமையாளர் சங்கம், முதியோர் குடியிருப்பு எல்லாவற்றுக்கும் பொது. லெவியில் 500 ராண்டுக்கு மேற்பட்ட பகுதியில் 2 சதவீதம், அதிகபட்சம் மாதம் 40 ராண்ட் என்று இதற்காக நீங்கள் ஏற்கனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். முதலில் டிரஸ்டிகளிடம் எழுத்தில் முறையிட்டு அந்தக் கடிதத்தை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தீராவிட்டால் இங்கே போகலாம். முதலில் சமரசம் பேசுவார்கள். அதுவும் முடியாவிட்டால் அவர்கள் தரும் உத்தரவு நீதிமன்ற உத்தரவு போலவே செல்லும். சங்கத்தின் ஒரு தீர்மானத்தை ரத்து செய்யச் சொல்வதானால் 60 நாட்களுக்குள் போக வேண்டும். பேசிப் பார்ப்போம் என்று ஆறு மாதம் ஓட்டிவிட்டு என்னிடம் வருகிறார்கள்.

ஆனால் பாதிப் பிரச்சினைகள் அங்கே போகவே தேவையில்லை, ஆண்டுக் கூட்டத்திலேயே தீரக்கூடியவை. அந்தக் கூட்டத்துக்கு நம்மவர்கள் வருவதில்லை. செக்ஷனல் டைட்டிலில் மூன்றில் ஒரு பங்கு வாக்கு வராவிட்டால் கூட்டம் அடுத்த வாரம் அதே நாளுக்குத் தள்ளிப்போகும். அன்றைக்கும் ஆள் சேராவிட்டால் வந்தவர்களே போதும், அவர்களே முடிவு செய்யலாம். நாற்பது வீட்டுக்கான பட்ஜெட்டை நான்கு பேர் உட்கார்ந்து நிறைவேற்றுவது சட்டப்படி செல்லும். வர முடியாவிட்டால் பக்கத்து வீட்டு அக்காவிடம் உங்கள் வாக்கை எழுதிக் கொடுத்துவிடலாம். ஒருவர் இரண்டு பேருக்குத்தான் அப்படி நிற்க முடியும். நேரம் இருப்பவர்கள் டிரஸ்டியாகவே நில்லுங்கள். வாசல் விளக்கும் பந்தலும் என்னவென்று தெரிந்த ஒருவர் அந்த மேசையில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி போகும்.

சரி, இப்போது வாங்கப் போகிறவர்களுக்கு. வீடு பிடித்துப்போன அவசரத்தில் ஏஜென்ட் நீட்டும் வாங்கும் ஒப்பந்தத்தில் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். 2022 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, வீட்டின் குறைகளைச் சொல்லும் படிவம் ஒன்றை விற்பவர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அதை வாங்குங்கள். அதோடு எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களுக்கு நான் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை எழுதிச் சேர்க்கிறேன்: நடத்தை விதிகள், கடைசி ஆண்டுக் கூட்டத்தின் குறிப்புகள், கடைசித் தணிக்கைக் கணக்கு, ரிசர்வ் நிதியின் நிலை, பத்தாண்டுத் திட்டம் ஆகியவற்றை வாங்குபவரிடம் தர வேண்டும், தந்த ஏழு நாட்களுக்குள் அவர் எழுத்தில் சம்மதம் சொன்னால்தான் ஒப்பந்தம் நிற்கும். வீட்டு உரிமையாளர் சங்கமாக இருந்தால் இந்தப் பட்டியலில் சங்கத்தின் அமைப்பு விதியையும் கட்டட வடிவமைப்பு விதிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாடகைக்குப் போகிறவர்களையும் அதே விதிகள்தான் கட்டும், எனவே அவர்களும் ஒரு பிரதி கேட்க வேண்டும். இந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொள்ளாத விற்பனையாளர் யாராவது இருந்தால், ஏன் என்று ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேளுங்கள்.