அட்டை இருக்கிறது, பட்டியலில் பெயர் இருக்கிறதா?

2024 ஏப்ரல் 19 அன்று குன்னூர்ப் பக்கம் ஒரு வாக்குச்சாவடியில், தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிய விரல்களால் ஓர் அம்மா சுருக்குப்பையை அவிழ்த்து வாக்காளர் அட்டையை நீட்டினார். பட்டியலில் பெயர் இல்லை. தோட்டம் மாறி வேறு லயனுக்கு, அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்குக் குடிவந்தவர். பழைய இடத்தில் நீக்கிவிட்டார்கள், புதிய இடத்தில் யாரும் சேர்க்கவில்லை.

அட்டை மட்டும் இருந்தால் ஓட்டுப் போட முடியாது. பெயர் இருந்து அட்டை தொலைந்திருந்தால் ஆதார், நூறு நாள் வேலை அட்டை, படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புக் எதுவும் போதும். பூத் சிலிப்பை மட்டும் கொண்டுபோகாதீர்கள், செல்லாது.

ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடப்போகிறது என்று அலுவலகத்தில் ஒருவர் என்னிடமே கேட்டார். 1999இல் வாஜ்பாயின் கூட்டணி அரசு 269க்கு 270 என்று மக்களவையில் ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. 2024இலும் ஆட்சிக்கு 272 தேவைப்பட, தனிப்பெரும் கட்சி 240இல் நின்று கூட்டணியின் தோளைப் பிடித்தது. நீலகிரி அனுப்பும் ஓர் எம்.பி.யும் அந்தக் கணக்கில்தான் வருகிறார்.

வீடு மாறினால் பட்டியலில் பெயரை மாற்றக் கொடுக்க வேண்டியது படிவம் 8. தொகுதியே மாறினாலும் 2022 ஆகஸ்டிலிருந்து அதுதான். படிவம் 6 முதல்முறை சேர்பவர்களுக்கும், அந்த அம்மாவைப் போலப் பெயர் நீக்கப்பட்டவர்களுக்கும். பழைய இடத்தில் பெயர் இன்னும் இருக்கும்போது அதை உங்கள் கையில் திணித்தால் வாங்காதீர்கள்.

அடுத்து முகவரிச் சான்று. லயன் வீட்டுக்குக் கரண்ட் பில் தோட்ட நிர்வாகத்தின் பெயரில் வரும். அதைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள், போய்விடாதீர்கள். இப்போதைய முகவரியுள்ள ஆதாரோ பாஸ்புக்கோ போதும். எதுவும் இல்லையென்றால் வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் வந்து விசாரிக்க வேண்டும். அது அவர் வேலை, உங்களுக்குச் செய்யும் தயவு அல்ல. ஒப்புகைச் சீட்டை வாங்காமல் படிவத்தைக் கொடுக்காதீர்கள். அது இல்லாவிட்டால் நீங்கள் வரவேயில்லை என்று சாதித்துவிடுவார்கள்.

தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால், வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்போடு கதவு சாத்தப்பட்டுவிடும். உங்கள் படிவத்தைத் தள்ளினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 15 நாளுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு செய்யலாம். கூடலூரிலிருந்து ஊட்டிக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும், தெரியும். பதிவு செய்து தபாலிலும் அனுப்பலாம், கெடுவுக்குள் போய்ச் சேர வேண்டும்.

வாக்குப்பதிவு நாளில் தினக்கூலிக்கும் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பிடித்தம் செய்யும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரைதான். சட்டத்தின் மிரட்டல் அவ்வளவே. அந்த விடுப்பும் ஓட்டுரிமை உள்ளவருக்கே. பட்டியலில் பெயர் இல்லையென்றால் கூலியும் கேட்க முடியாது.