ஹாம் ரேடியோ மேசை: எதைச் செய்வது, எதை வாங்குவது?

ஹாம் ரேடியோ எனும் அமெச்சூர் வானொலிக்காக டிரான்ஸ்மிட்டரைக் கட்டி முடித்ததும் எத்தனை வாட் வெளியே போகிறது, ஆன்டெனா ஒத்துப்போகிறதா, ஹார்மோனிக், அதாவது அடிப்படை அலைவரிசையின் மடங்குகளில் எழும் வேண்டாத அலை, எவ்வளவு கசிகிறது என்று தெரிந்துகொள்ள அளவுகருவி வேண்டும். செய்வதா, வாங்குவதா என்று வரும்போது எல்லோரும் முதலில் விலையைப் பார்க்கிறார்கள். அதைவிட உதவும் கேள்வி ஒன்று உண்டு. இந்தக் கருவி காட்டும் எண் சரிதானா என்று வீட்டிலிருக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்தே சோதிக்க முடியுமா? முடியுமென்றால் தாராளமாகச் செய்யலாம். முடியாதென்றால் வாங்கிவிடுவது நல்லது.

இந்தச் சோதனையில் முதல் ஆளாகத் தேறுவது டம்மி லோடும் (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டி, பவரைச் சூடாக விழுங்கும் ரெசிஸ்டர்) அதோடு ஒட்டிய பவர் மீட்டரும். 50 ஓம் ரெசிஸ்டர், ஒரு டயோடு, ஒரு கெப்பாசிட்டர், அவ்வளவுதான். ஓமை டிசியில் அளக்கலாம், வோல்ட்டை டிசியில் அளக்கலாம், வாட் கணக்கில் வந்துவிடும். இடையில் நம்பிக்கையின்பேரில் ஏற்றுக்கொள்ள வேண்டியது கொஞ்சமே.

100 ஓம், 3 வாட் மெட்டல் ஆக்ஸைடு ரெசிஸ்டர் எட்டு வாங்குங்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் சில்லறையாகவே கிடைக்கும். வெள்ளை செங்கல் போல இருக்கும் சிமென்ட் ரெசிஸ்டர் வேண்டாம். அதற்குள் பெரும்பாலும் கம்பிச் சுருள்தான் இருக்கும். ஒரு மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸ் இருந்தாலே 14 மெகாஹெர்ட்ஸில் அது 88 ஓம் எதிர்ப்பாக நிற்கும். மல்டிமீட்டர் 50 ஓம் என்று காட்டிக்கொண்டிருக்க, டிரான்ஸ்மிட்டர் பார்ப்பதோ வேறொன்றாக இருக்கும்.

நான்கு ரெசிஸ்டரைப் பக்க இணைப்பில் வைத்தால் 25 ஓம். அப்படி இரண்டு கூட்டம் செய்து தொடராக இணைத்தால் 50 ஓம், மொத்தம் 24 வாட் தாங்கும். காப்பர் பூசிய பலகையில் மூன்று பட்டைகள் வெட்டுங்கள்: மேல்பட்டை பிஎன்சி சாக்கெட்டின் நடுமுனைக்கு, கீழ்ப்பட்டை தரைக்கு, நடுப்பட்டை இரண்டு கூட்டங்களும் சேருமிடம். ரெசிஸ்டரின் கால்களை ஒட்ட வெட்டிச் சால்டர் செய்ய வேண்டும். ஒரு சென்டிமீட்டர் கம்பிக்குச் சுமார் 8 முதல் 10 நானோஹென்றி வரும். 7 மெகாஹெர்ட்ஸில் அது பொருட்டில்லை, 144-இல் கெடுத்துவிடும்.

ஒரே கூட்டமாக 50 ஓம் செய்யாமல் எதற்கு இரண்டு? டயோடுக்காகத்தான். டயோடும் கெப்பாசிட்டரும் சேர்ந்த பீக் டிடெக்டரில் கெப்பாசிட்டர் பீக் வோல்ட்டேஜ், அதாவது அலையின் உச்சம், வரை நிரம்பி நிற்கும். அலையின் அடுத்த பாதியில் டயோடின் குறுக்கே அதன் இருமடங்கு தலைகீழாக விழும். 20 வாட் என்றால் 50 ஓமின் குறுக்கே பீக் 44.7 வோல்ட், டயோடு தாங்க வேண்டியது கிட்டத்தட்ட 90 வோல்ட். 1என்5711 ஷாட்கி டயோடின் வரம்பு 70 வோல்ட். முழு வோல்ட்டேஜில் நேராக மாட்டினால் பத்து வாட்டுக்குச் சற்று மேலேயே எல்லை தாண்டிவிடும். டயோடு போனபின் மீட்டர் ஏதோ ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தால், பவர் குறைந்துவிட்டது என்று நினைத்து டிரான்ஸ்மிட்டரை நோண்டத் தொடங்குவோம். நடுப்பட்டையில் பாதி வோல்ட்டேஜ்தான் இருக்கும் என்பதால் 20 வாட்டிலும் பிரச்சினை வராது.

டயோடின் ஆனோடு நடுப்பட்டையில். கேதோடிலிருந்து தரைக்கு 0.01 மைக்ரோஃபாரட், 100 வோல்ட் செராமிக் கெப்பாசிட்டர். அங்கிருந்து 10 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக மல்டிமீட்டருக்கு. இந்த 10 கிலோஓம், ரேடியோ அலை மீட்டரின் வயரில் ஏறி எண்களைத் துள்ள வைக்காமல் தடுக்கும். 10 மெகாஓம் மீட்டரில் அதனால் வரும் பிழை 0.1 சதவீதம்தான்.

மீட்டர் காட்டும் வோல்ட்டோடு டயோடுக்காக 0.25 சேர்த்து, அதை அதனாலேயே பெருக்கி, 25-ஆல் வகுத்தால் வாட். 10 வாட்டுக்கு நடுப்பட்டையில் பீக் 15.8 வோல்ட் இருக்கும். இது குரல் ஏற்றாத, ஒரே சீரான கேரியர் அலைக்குத்தான்; குரலுக்கேற்ப பவர் ஏறி இறங்கும் எஸ்எஸ்பி பேச்சில் இந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. அதோடு, டிடெக்டர் சுத்தமான சைன் அலை என்று நம்பியே கணக்கிடுகிறது. மேல் அலைவரிசைகளைத் தடுக்கும் லோபாஸ் ஃபில்டர் இல்லாமல் அளந்தால், அடிப்படை அலையின் பத்தில் ஒரு பங்கு வோல்ட்டேஜில் ஹார்மோனிக் கலந்திருந்தாலே பவர் கணக்கு 20 சதவீதம் வரை பிசகலாம். சிறிய பவரில் டயோடு ஏமாற்றும்: நடுப்பட்டையில் பீக் ஒரு வோல்ட்தான் என்னும்போது அந்தக் கால் வோல்ட் திருத்தம் மறந்துபோனால், 40 மில்லிவாட் 22 போலத் தெரியும். முழு பவரில் பத்து விநாடியில் அளந்துவிட்டு ஆறவிட வேண்டும். ரெசிஸ்டர் சூடாகும்போது ஓமும் நகரும்.

இதே பெட்டியில் இன்னொரு வசதியையும் சேர்த்துவிடலாம். மேல்பட்டையிலிருந்து 820 ஓம் அரை வாட் ரெசிஸ்டர் மூன்றைத் தொடராக இன்னொரு பிஎன்சிக்குக் கொண்டுபோய், அந்த பிஎன்சியின் நடுமுனையிலிருந்து தரைக்கு 51 ஓம் வையுங்கள். அங்கே 50 ஓம் கருவி ஒன்றை மாட்டினால் கிட்டத்தட்ட 40 டெசிபெல் குறைந்து வரும். 10 வாட் உள்ளே போனால் வெளியே ஒரு மில்லிவாட், அதாவது 0 டிபிஎம். ஏடி8307 சிப்பை வைத்து டெசிபெல் மீட்டர் கட்டுபவர்களுக்கு இது இலவச அளவுகோல். அந்த சிப் ஒரு டெசிபெல்லுக்கு சுமார் 25 மில்லிவோல்ட் ஏறும் என்பது தெரிந்ததே. 0 டிபிஎம்மில் எத்தனை வோல்ட் என்று ஒருமுறை குறித்துக்கொண்டால் போதும்.

பழைய சுற்றுப்படங்களைப் பார்த்து ஆர்எஃப் புரோப் (ரேடியோ அலையின் வோல்ட்டேஜை மீட்டரில் காட்டும் டயோடு முனை) செய்பவர்கள் வழுக்கும் இடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் படங்களில் தொடர் ரெசிஸ்டர் 4.7 மெகாஓம் என்றிருக்கும். அது 11 மெகாஓம் உள்தடை கொண்ட வால்வு வோல்ட்மீட்டருக்கான கணக்கு. பீக்கை ஆர்எம்எஸ்ஸாக மாற்ற 0.707 விகிதம் வர வேண்டும். இன்றைய 10 மெகாஓம் மீட்டரில் அதே ரெசிஸ்டர் 0.68 தருகிறது, கிட்டத்தட்ட 4 சதவீதம் குறைவு. 3.9 மெகாஓமும் 220 கிலோஓமும் தொடராக வைத்தால் சரியாகிவிடும்.

ஆன்டெனா அளக்கும் வேலை வேறு மாதிரி. நானோவிஎன்ஏ என்ற கையடக்க விஎன்ஏ (வெக்டர் நெட்வொர்க் அனலைசர்) ஜப்பானிய அமெச்சூர் ஒருவரின் திறந்த வடிவமைப்பிலிருந்து வந்தது. உள்ளே ஒரு சிப் அலையை உருவாக்குகிறது, ரெசிஸ்டர் பாலம் ஒன்று திரும்பி வரும் பங்கைப் பிரிக்கிறது, மிக்ஸர்கள் அதைக் கேட்கும் ஒலி அளவுக்குத் தாழ்த்துகின்றன, ஒலிக்கான கோடெக் சிப் அதை எண்ணாக்குகிறது. பாலமும் கேபிளும் செய்யும் பிழைகளை ஓபன், ஷார்ட், லோட் என்ற மூன்று அளவீடுகளால் மென்பொருள் கழித்துவிடுகிறது. இதைக் கையால் கட்டலாம், கட்டியவர்களும் உண்டு. ஆனால் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைப்பதை அதே தரத்தில் கட்ட, பாகங்களின் செலவே அதற்குமேல் போகும். அதன் எண்ணைச் சரிபார்க்க இன்னொரு விஎன்ஏ வேண்டும். இதை வாங்குங்கள். வாங்கியதும், கூட வரும் லோடை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள், புரோப் வயரின் தடையைக் கழித்துவிட்டு. 50 ஓமிலிருந்து அது எவ்வளவு விலகுகிறதோ, ஆன்டெனா அளவீடும் அவ்வளவு விலகும்.

டிரான்ஸ்மிட்டரை அதில் தவறியும் மாட்டக்கூடாது. ஆன் ஏர் சோதனைக்கு 50 ஓம் ரெசிஸ்டர் மூன்றால் ஆன பாலத்தைச் செய்துகொள்வது தனி லாபம். ஆன்டெனா நான்காவது கை. பாலத்தின் நடுவே வைக்கும் எல்இடி சமநிலையில் அணைந்துவிடும். ஆன்டெனா அறுந்துபோய் ஓபனாக இருந்தாலும் டிரான்ஸ்மிட்டர் பார்ப்பது 100 ஓம், அதாவது 2:1 பொருத்தமின்மைதான். கடைசியில் பவரைத் தரும் ஃபைனல் டிரான்ஸிஸ்டர் பிழைத்துக்கொள்ளும்.

மலிவாக வரும் ஆஸில்லாஸ்கோப் கிட்களில் ஆசை வைக்க வேண்டாம். டிஎஸ்ஓ138 கிட்டின் எல்லை 200 கிலோஹெர்ட்ஸ். 7 மெகாஹெர்ட்ஸ் அதில் வெறும் கோடாகத்தான் தெரியும். ஆடியோ பகுதிக்குப் போதும். ஹெச்எஃப் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) வேலைக்கு 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பை வாங்கி, புரோபை 10 எக்ஸில் வைக்க வேண்டும். அப்போதும் புரோபின் 15 பிகோஃபாரட் 14 மெகாஹெர்ட்ஸில் சுமார் 760 ஓம். ஆஸிலேட்டரின் மேல் வைத்தால் அலைவரிசை நகர்வதைப் பார்க்கலாம்.

டிரான்ஸிஸ்டர் டெஸ்டர் என்று விற்கும் சிறு பலகை டிரான்ஸிஸ்டருக்கும் பெரிய கெப்பாசிட்டருக்கும் அருமை. ஆனால் இண்டக்டன்ஸில் அதன் மிகச் சிறிய படி 10 மைக்ரோஹென்றி. டி50-2 என்ற டோராய்டில் (சுருள் சுற்றும் சிறு வளையம்) 20 சுற்று சுற்றினால் வருவது 1.96 மைக்ரோஹென்றி; அதற்கு இது கண்ணில்லாத கருவி. அந்த வேலையை நானோவிஎன்ஏ பார்த்துக்கொள்ளும்.

ஹார்மோனிக்குக்கு, எந்த அலைவரிசையில் எவ்வளவு பவர் என்று திரையில் காட்டும் டைனிஎஸ்ஏ போன்ற ஸ்பெக்ட்ரம் அனலைசர். இதையும் வாங்குவதே சரி, அதன் முன்னால் மாட்டும் 40 டெசிபெல் பாதை மட்டும் நம் கைவேலை. 7 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டரை அளக்கும்போது திரையில் 14 மெகாஹெர்ட்ஸில் ஒரு முள் எழுந்தால் அது டிரான்ஸ்மிட்டருடையதா, அனலைசர் தானே உண்டாக்கியதா என்று தெரிய, இடையில் அலையைக் குறைக்கும் 10 டெசிபெல் அட்டனுவேட்டர் ஒன்றையும் செருகுங்கள். உண்மையான ஹார்மோனிக் 10 டெசிபெல் இறங்கும். கருவிக்குள் பிறந்த இரண்டாம் ஹார்மோனிக் 20 இறங்கும், மூன்றாவது 30. 10 மட்டுமே இறங்கியிருந்தால் லோபாஸ் ஃபில்டரைத் திறந்து சுருள்களை மீண்டும் எண்ணுங்கள்.