இடைமறிப்பு அன்று, ஒற்றுதல்

கோலாலம்பூரில் நீதிமன்றச் செய்தியைத் தமிழில் எழுதுகிறவர்கள், “சந்தேக நபரின் தொலைபேசி அழைப்புகள் இடைமறிக்கப்பட்டன” என்ற வகை வாக்கியத்தைக் கூச்சமில்லாமல் எழுதப் பழகிவிட்டார்கள். மறித்திருந்தால் அழைப்பு நின்றிருக்குமே! நிற்கவில்லை. இருவரும் பேசி முடித்துத்தான் போனை வைத்தார்கள். நடுவில் மூன்றாமவர் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு விஷயத்தில் இந்தப் பிழையை வாசகர் தாமே சரிசெய்துகொண்டு படித்துவிடுவார். டயல்-அப் மோடம், அதாவது கணினித் தரவை ஒலியாக்கித் தொலைபேசிக் கம்பியில் அனுப்பும் கருவி, ஓடும் கம்பியைப் பற்றி எழுதும்போது அப்படித் தப்பிக்க முடியாது. அங்கே மறிப்பது ஒரு வேலை, மறிக்காமல் எடுப்பது வேறொரு வேலை. இரண்டுக்கும் கருவி வேறு, சிக்கல் வேறு.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தின் இன்டர்செப்ட், லத்தீனிலிருந்து வந்தது: ‘இன்டர்’ என்றால் இடையில், ‘காப்பெரே’ என்றால் பிடி. போய்ச் சேருமுன் பிடித்துக்கொள்வது என்பதே முதற்பொருள். தூதன் கையிலிருந்த ஓலையைப் பறித்தால் அது சரி. தந்தியும் தொலைபேசியும் வந்தபின் ஆங்கிலம் அந்தச் சொல்லை நீட்டி, பறிக்காமல் கேட்பதற்கும் வைத்துக்கொண்டது. அது அவர்கள் மொழியின் வரலாறு.

நம் ‘மறி’ அப்படி நீளவில்லை. வழிமறித்து நகையைப் பறித்தார்கள் என்கிறோம். சாலை மறியல் என்றால் வண்டி நகராது. பாஸ் கொடுத்த பந்தைத் தற்காப்பு ஆட்டக்காரர் இடைமறித்தார் என்றால் பந்து அவர் காலில் இருக்கிறது. ஏவுகணை இடைமறிப்பும் பொருத்தமான ஆட்சிதான், ஏனென்றால் ஏவுகணை போய்ச் சேரவில்லை. ‘மறி’ வரும் இடமெல்லாம் போகிற பொருள் நிற்கிறது. நிற்காத ஒன்றுக்கு அந்தச் சொல்லை ஒட்டவைத்தால், வாசகர் நின்றதாகத்தான் நினைப்பார். நினைப்பது அவர் குற்றமில்லை.

மலேசியாவில் இந்தக் குழப்பத்துக்கு இன்னொரு வாசலும் உண்டு. 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 234ஆம் பிரிவு, அனுமதியின்றித் தகவல் தொடர்பை எடுப்பதைத் தடை செய்கிறது. அதற்கு மலாயில் ‘மெமிந்தாஸ்’ என்கிறார்கள். ‘ஜாலான் பிந்தாஸ்’ என்றால் குறுக்குவழி. இதய பைபாஸ் அறுவைக்கும் ‘பிந்தாசான்’தான். அந்த மொழியில் குறுக்கே போவது என்ற படிமம் இயல்பாக வருகிறது. அதைத் தமிழாக்குகிறவர்களில் சிலர் ‘தொலைபேசிக் குறுக்கீடு’ என்று எழுதிவிடுகிறார்கள். இது இடைமறிப்பைவிட மோசம். குறுக்கீடு என்பது பௌதிகத்தில் ஏற்கெனவே வேலையில் இருக்கும் சொல்: பக்கத்துக் கம்பியின் பேச்சு கசிவது, 50 ஹெர்ட்ஸ் மின்சார உறுமல் ஏறுவது. குறுக்கீடு மோடத்தின் வேகத்தைக் குறைக்கும், இணைப்பை அறுக்கும். யாருக்கும் எதையும் படித்துக்காட்டாது.

இப்போது கம்பிக்கு வருவோம். டயல்-அப் இணைப்பில் வீட்டுக்கு வருவது இரண்டே செப்புக் கம்பி. போகிற சமிக்ஞையும் வருகிற சமிக்ஞையும் அதே இரண்டில்தான் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. பழைய மோடங்களில் இது தொல்லையாக இல்லை. மோடங்களுக்கான உலகத் தரங்களில் பழையதான வி.21இல் வினாடிக்கு 300 பிட். அழைத்தவர் பக்கம் 980, 1180 ஹெர்ட்ஸ், எடுத்தவர் பக்கம் 1650, 1850 ஹெர்ட்ஸ். 2400 பிட் கொண்ட வி.22பிஸ் தரத்திலும் ஒரு திசைக்கு 1200 ஹெர்ட்ஸ் ஊர்தி அலை (தரவைச் சுமக்கும் அலை), மறுதிசைக்கு 2400. இரண்டு வடிகட்டி போட்டால் இரண்டு திசையும் தனித்தனியே கைக்கு வந்துவிடும். தொலைநகலும் எளிதுதான், ஒரு நேரத்தில் ஒரு திசைதான் பக்கத்தை அனுப்பும்.

1984இல் வந்த வி.32 எல்லாவற்றையும் மாற்றியது. இரண்டு திசைக்கும் ஒரே 1800 ஹெர்ட்ஸ் ஊர்தி, ஒரே அலைப்பட்டை. இரு முனை மோடங்களும் எப்படிப் பிரித்துக்கொள்கின்றன? தான் என்ன அனுப்புகிறோம் என்பது ஒவ்வொரு மோடத்துக்கும் தெரியும். அதன் எதிரொலியைக் கணித்துக் கழித்துவிட்டு மீதியைப் படிக்கிறது. நடுவில் கம்பியைத் தொட்டவருக்கு இரண்டில் ஒன்றும் தெரியாது. அவருக்குக் கிடைப்பது இரண்டின் கூட்டல் மட்டும். இரண்டும் சம வலுவில் இருக்கும் இடத்தில் தொட்டால், ஒன்றுக்கு மற்றது இரைச்சலாகி, சமிக்ஞை-இரைச்சல் விகிதம் சுழி டெசிபெல்லில் நிற்கும். வி.34 தரத்தில் 33,600 பிட் வேகத்தைப் படிக்கவோ 35 டெசிபெல் அளவுக்கு வேண்டும். வீட்டருகே தொட்டால் வீட்டு மோடத்தின் அலை உரத்து வரும், அதைப் படித்துவிடலாம். ஆனால் பெரும்பாலும் தேவைப்படுவது எதிர்முனையிலிருந்து தேய்ந்து வரும் அலை.

வழி இருக்கிறது. கம்பிக்குக் குறுக்கே மின்னழுத்தத்தையும், தொடரில் சிறு மின்தடை வைத்து மின்னோட்டத்தையும் ஒரே நேரத்தில் அளந்து, கூட்டியும் கழித்தும் பார்த்தால் போகிற அலையும் வருகிற அலையும் ஓரளவு பிரியும். ‘ஓரளவு’ என்பதற்குக் காரணம் உண்டு. ஏட்டில் 600 ஓம் என்று எழுதியிருக்கும் கம்பி, நிஜத்தில் ஒவ்வொரு அலைவெண்ணுக்கும் வேறு மின்மறுப்பு (மாறும் மின்னோட்டத்துக்கு எதிர்ப்பு) காட்டும். மீதியை, உரத்த திசையை முதலில் படித்து அதைக் கழித்துவிட்டு மெலிந்த திசையைப் படிக்கும் கணிப்பால்தான் ஒப்பேற்ற வேண்டும். இவ்வளவும் செய்யும்போது கம்பி தொட்டது தெரியக்கூடாது. 48 வோல்ட் நேர்மின்னோட்டத்தை மின்தேக்கி தடுக்க வேண்டும், மணியடிக்கும்போது வரும் 75 முதல் 90 வோல்ட்டை அது தாங்க வேண்டும். தொடுப்பின் மின்மறுப்பு குறைவாக இருந்தால் சமிக்ஞையின் மட்டம் இறங்கி, மோடங்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பதிவு செய்வதிலும் பேச்சுக்குப் போதுமானது இங்கே போதாது. கேசட் நாடா ஓடும் வேகத்தில் உள்ள சிறு ஆட்டமே அலையின் கட்டத்தை (ஃபேஸ்) கெடுத்துவிடும். தானாக ஒலியளவு கூட்டிக் குறைக்கும் வசதியும், எம்பி3 போன்ற சுருக்கமும் காதை ஏமாற்றும், மோடத்தை ஏமாற்றா. சுருக்காத 16 பிட் பதிவு, நிலையான கடிகாரம், இரண்டு தனித் தடங்கள் வேண்டும். தொடக்கத்திலிருந்தே பிடிக்கவும் வேண்டும். 2100 ஹெர்ட்ஸ் பதில் ஒலி, அதன்பின் கம்பியைச் சோதிக்கும் ஒலிகள், பயிற்சிச் சமிக்ஞைகள் என்று அந்தச் சில வினாடிகளில்தான் குறியீட்டு வேகமும் மற்ற அளவுருக்களும் முடிவாகின்றன. அதைத் தவறவிட்டவர் எல்லாவற்றையும் ஊகித்துத் தேட வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே வி.42 தரத்தின் பிழைதிருத்தம். ஒரு பிரேம், அதாவது ஒரு தரவுத் துண்டு, கெட்டால் பெறும் மோடம் “மறுபடி அனுப்பு” என்று கேட்கும். ஒட்டி நிற்பவர் கேட்க முடியாது. அவருக்கு மட்டும் கெட்ட பிரேம் கெட்டதுதான். வி.42பிஸ் சுருக்கமும் ஓடினால் நிலைமை இன்னும் கடுமை: சுருக்கத்துக்கு அது வைத்துக்கொள்ளும் அகராதி, வந்த தரவிலிருந்தே வளர்வது. ஒரு பிரேம் விட்டுப்போனால் அகராதி பிசகி, அது மறுபடி புதிதாகத் தொடங்கும்வரை வருவதெல்லாம் குப்பை.

நிஜமாகவே இடைமறிப்பு என்று சொல்லத்தக்க முறையும் ஒன்று உண்டு. கம்பியை வெட்டி, நடுவில் இரண்டு மோடங்களை முதுகோடு முதுகாக வைப்பது. வீட்டு மோடம் ஒன்றோடு பேசும், இணையச் சேவையகம் மற்றதோடு பேசும். திசைகள் கலப்பதில்லை, விட்ட பிரேமை மறுபடி கேட்கலாம். ஆனால் வெட்டிய வீட்டுப் பக்கத்துக்கு 48 வோல்ட்டும் டயல் ஒலியும் நாமே தர வேண்டும். காட்டிக்கொடுப்பது வேகம்: 1998இல் வந்த வி.90இன் 56 கிலோபிட், மறுமுனை எண்முறை (டிஜிட்டல்) இணைப்பில் இருந்தால்தான் கிடைக்கும். நடுவில் வைத்த சாதாரண மோடத்தோடு பேசும் வீட்டு மோடம் 33,600க்கு மேல் ஏறாது. அந்தக் காலத்தில் டிஎம்நெட் இணையச் சேவையின் 1515 எண்ணை அழைத்து நாள்தோறும் 48,000 பார்த்தவருக்கு ஒரே நாளில் அது தெரிந்துவிட்டிருக்கும். சட்டப்படி அனுமதி பெற்றவர்கள் இந்த இரண்டு பாடும் படுவதில்லை. தொலைபேசி நிலையத்துக்குள் 64 கிலோபிட் எண்முறைத் தடத்தில் இரு திசையும் பிரிந்தே ஓடுவதால் அங்கேயே நகல் எடுக்கிறார்கள்.

ஆக வெட்டி நடுவில் உட்காருவது, தொட்டுப் பார்ப்பது, நகலெடுப்பது என்று மூன்று. இவற்றுக்கெல்லாம் இடைமறிப்பு என்று ஒரே பெயர் சூட்டிவிட்டு, “இடைமறிப்பைக் கண்டுபிடிப்பது கடினம்” என்று எழுதினால், எந்த இடைமறிப்பு? முதலாவது எளிதில் தெரியும், மற்ற இரண்டும் கவனமாகச் செய்தால் தெரியா. தொழில்நுட்பம் தெரியாத மொழிபெயர்ப்பாளர் அகராதியின் முதல் சொல்லை எடுத்து வைத்துவிடுகிறார். அதைத் திருத்த வேண்டிய ஆசிரியர், ஒலி கம்பீரமாக இருப்பதால் விட்டுவிடுகிறார். ‘மோடம்’ என்று எல்லாரும் சொல்வதை ‘இணக்கி’ என்று மாற்றக் காட்டும் ஆர்வத்தில் பாதியை இங்கே காட்டியிருக்கலாம். இணக்குவது மோடத்தின் வேலையே அன்று, பண்பேற்றுவதும் (தரவை அலைமேல் ஏற்றுவதும்) இறக்குவதும்தான்.

பேச்சுக்கு ‘ஒட்டுக்கேட்டல்’ இருக்கிறது. கதவை ஒட்டி நின்று கேட்பது எல்லாருக்கும் புரியும். அது கொச்சை, திருட்டுத்தனம் தொனிக்கிறது, சட்டப்படியான செயலுக்கு ஆகாது என்பார்கள். மோடத்துக்கு அது பொருந்தாததற்கு வேறு காரணம் உண்டு: காதால் கேட்டால் வெறும் சீறல்தான், படித்தால்தான் பொருள். இரண்டு குறைக்கும் பழைய சொல்லே விடை. ஒற்றுதல் என்றால் மெல்ல வைத்து அழுத்துதல். வேவு பார்த்தலும் அதுவே. கம்பியில் ஒரு கிளிப்பை ஒற்றி எடுப்பதற்கு இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. திருக்குறளில் ஒற்றாடல் அரசியலில் வைத்த அதிகாரம், அரசனின் முறையான கடமை, திருட்டுத்தொனி எங்கே? ‘அறிந்தவை ஐயப்பாடு இல்லதே ஒற்று’ என்று 587ஆம் குறள் வைக்கும் நிபந்தனை, மறுபடி கேட்க வழியில்லாமல் பிட்டுகளைச் சேர்ப்பவருக்கு வைத்த நிபந்தனைபோலவே இருக்கிறது.

ஆகவே: வெட்டி நடுவில் புகுந்தால் இடைமறிப்பு. பேச்சைக் கேட்டால் ஒட்டுக்கேட்பு. சமிக்ஞையை நிறுத்தாமல் எடுத்தால், கம்பியிலானாலும் நிலையத்திலானாலும், ஒற்றுதல். ஒற்றப்பட்ட அழைப்பு, ஒற்றுக்கருவி, நீதிமன்றம் தந்தால் ஒற்றாணை. ‘ஒற்றி’ என்றால் அடைமானம் ஆயிற்றே என்று தடை சொல்வோர் உண்டு. மலேசியத் தமிழர் அதற்கு அடகு என்றுதான் சொல்கிறார்கள். கருவிக்கு மட்டும் ‘ஒற்றி’ என்று பெயரிடாமல் ‘ஒற்றுக்கருவி’ என்று முழுதாக எழுதினால் அந்தத் தடையும் இல்லை.