கிட் மாட்டும் முன் ஷாஃப்டை ஆட்டிப் பாருங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் என்னிடம் வரும்போதே கையில் ஒரு சின்னப் பெட்டியோடு வருகிறார்கள். உள்ளே எலெக்ட்ரானிக் இக்னிஷன் கிட். ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், காயில் கரன்ட்டை வெட்டி ஸ்பார்க் வரவைக்கும் சின்ன சுவிட்ச்தான் பாயின்ட்; அதற்குப் பதிலாக மாட்டுவது இந்தக் கிட். "பாயின்ட்டைத் தூக்கிப் போட்டுட்டு இதை மாட்டிடுங்க, மிஸ்ஸிங் போயிடும்" என்பார்கள். போகலாம். போகாமலும் இருக்கலாம்.

பாயின்ட் மீது பழி போடுவதில் நியாயம் உண்டு. நாலு சிலிண்டர் இன்ஜின் 6000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது பாயின்ட் விநாடிக்கு 200 முறை திறந்து மூட வேண்டும். காயிலில் ஓடும் ஏறக்குறைய 4 ஆம்பியரையும் அந்தச் சின்ன முனைதான் வெட்டுகிறது. முனை கருகும், ஷாஃப்டில் உரசும் ஹீல் தேயும், இடைவெளி குறையும், டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்) பின்தங்கும். கிட்டில் இந்தத் தேய்மானம் கிடையாது. வெட்டுகிற வேலையை டிரான்சிஸ்டர் பார்த்துக்கொள்கிறது. எப்போது வெட்டுவது என்பதைப் பெரும்பாலான கிட்களில் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டில் மாட்டும் காந்த வளையம் சொல்கிறது.

சிக்கலே அங்கேதான். அந்த வளையம் உட்காருவது அதே பழைய ஷாஃப்டில்.

கிட் ஏற்கெனவே மாட்டிய ஒரு டூ-சீட்டர் வந்தது. ஐடிலில் குலுங்கியது. டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி, ஷாஃப்ட் நுனியில் இருக்கும் ரோட்டாரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினேன்; 'டக்' என்று சத்தம். ஸ்பார்க்கோடு சேர்ந்து மின்னும் ஸ்ட்ரோப் லைட் அடித்துப் பார்த்தால் புல்லியில் டைமிங் குறி ஓரிடத்தில் நிற்காமல் ஆடுகிறது. ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தது. வேகத்துக்கேற்ப டைமிங்கை மாற்ற உதவும் அட்வான்ஸ் ஸ்பிரிங் இரண்டில் ஒன்றைக் காணோம். இரண்டையும் சரிசெய்துவிட்டு, வேண்டுமென்றே பழைய பாயின்ட்டையே 0.38 மி.மீ. இடைவெளியில் வைத்து ஸ்டார்ட் செய்தேன். குறி அசையாமல் நின்றது. உரிமையாளர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "கிட் நல்லா வேலை செய்யுது" என்றார். அது என் மேஜை மேல் கிடந்தது!

ஷாஃப்ட் சரி என்றால் தாராளமாக மாட்டலாம். ஆனால் முதலில் எர்த் எந்தப் பக்கம் என்று பாருங்கள். 1967 வரை வந்த எம்.ஜி.பி., 3.8 லிட்டர் ஜாகுவார் ஈ-டைப் போன்றவை பாசிட்டிவ் எர்த். முந்தைய உரிமையாளர் யாராவது மாற்றியும் இருப்பார், அதனால் புத்தகத்தை நம்பாதீர்கள். பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்ப்பதே சரி. பாசிட்டிவையும் நெகட்டிவையும் மாற்றிக் கொடுத்துவிட்டு சாவியைத் திருப்பினால் கிட்டின் எலெக்ட்ரானிக் பாகமான மாட்யூல் அப்போதே போய்விடும். பல நேரம் புகைகூட வராது.

அடுத்தது காயில். ஒயர்களைக் கழற்றி மீட்டர் வைத்துப் பிரைமரியை (பேட்டரி கரன்ட் ஓடும் சுற்று) அளந்தால் 3 ஓமா, 1.5 ஓமா என்று தெரியும். 1.5 ஓம் காயில், கரன்ட்டைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டரோடு சேர்ந்து வேலை செய்ய வந்தது. பேலஸ்ட் இல்லாமல் நேராக 12 வோல்ட் கொடுத்தால் 8 ஆம்பியர் இழுக்கும், கிட் அதற்காகச் செய்யப்பட்டதல்ல என்றால் கருகும். சில வண்டிகளில் பேலஸ்ட் தனியாகக் கண்ணில் படாது, ஒயரிங்குக்குள்ளேயே ரெசிஸ்டன்ஸ் ஒயராக ஓடும்.

பிளக் ஒயர் வெறும் செம்பு என்றால் ரெசிஸ்டன்ஸ் வகைக்கு மாற்றுங்கள், செம்பு ஒயரின் மின் இரைச்சல் மாட்யூலைக் குழப்பும். மாட்டியதும் டைமிங்கை மறுபடி வைக்க வேண்டும், பழைய குறிப்பு செல்லாது. அப்புறம், ரேடியோ கேட்க இக்னிஷனை ஆன் செய்துவிட்டு உட்காராதீர்கள். இன்ஜின் ஓடாதபோது காயிலுக்குத் தொடர்ந்து கரன்ட் போய் காயிலும் மாட்யூலும் சூடேறும். எல்லாக் கிட்களும் தானாக அதை நிறுத்துவதில்லை.

வேலை முடிந்ததும் கழற்றிய பாயின்ட்டையும் அதன் பொறியை அடக்கும் கன்டென்சரையும் துணியில் சுற்றி, இடைவெளி அளக்கும் ஒரு ஃபீலர் கேஜோடு டிக்கியில் வைத்துத்தான் வண்டியை ஒப்படைப்பேன். பாயின்ட் பெரும்பாலும் முனகிவிட்டுத்தான் சாகும். மாட்யூல் சொல்லாமல் கொள்ளாமல் நடுரோட்டில் நின்றுவிடும்.